இரவல் குரல்

2018 டிசம்பர் 21-ஆம் தேதி வெளியான 'கே.ஜி.எஃப்.' படத்தை நம் சங்கத்து உறுப்பினர்களில் பார்க்காதவர் மிகச் சிலரே இருப்பார்கள். சாம்பியன் ரீப்ஸில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் நான் அதை இரண்டு முறை பார்த்தேன். முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில். கதை முழுக்கக் கற்பனை. நம் ஊரின் சயனைட் மண்மேட்டில் செட் போட்டுப் படம் பிடித்தார்கள் என்ற அளவில்தான் ஊருக்கும் அதற்கும் உறவு. ஆனாலும் தமிழில் பார்த்தபோது ஒரு விஷயம் மனதில் தைத்தது. மூலப் படத்தில் சுரங்கத் தொழிலாளிகள் கன்னடம் பேசுகிறார்கள். உண்மையில் நம் ஊர்ச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர்கள். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும் உண்டு. ஆக, மூலத்தில் இல்லாத ஓர் உண்மை மொழிமாற்றுப் பிரதியில் தானாக வந்து சேர்ந்துவிட்டது! அதைக் கொண்டுவந்தவர்கள் ஓர் இருட்டறையில் மைக் முன் நின்று அந்தத் தொழிலாளிகளுக்காகக் கத்தியவர்கள், இருமியவர்கள், அழுதவர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பின்னணிக் குரல் கலைஞர்கள் என்று நாகரிகமாகவும், டப்பிங் ஆர்ட்டிஸ்ட் என்று பேச்சு வழக்கிலும் நாம் சொல்லும் அந்தக் கூட்டத்தாரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

சாம்பியன் ரீப்ஸ்காரன் குரலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் வளர்ந்தது 'லைன்' எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டில் ரேடியோ வைத்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் போடும்போது, படம் பார்க்காமலே முழுப் படத்தையும் காதால் 'பார்த்த' தலைமுறை எங்களுடையது. இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் முகம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் தெருவில் அவர்களைப் போலப் பேசிக் காட்டாத பையன் இல்லை. திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனத் தட்டைத் தேயத் தேயப் போடுவார்கள்.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர்கள் உரத்துப் பேசுவார்கள். பாறையில் துளை போடும் இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவனுக்குக் காது மந்தமாகிவிடும். வீட்டுக்கு வந்தும் அதே உரத்த பேச்சுதான். எங்கள் லைனில் ஒருவர் ரகசியம் சொன்னால் மூன்று லைனுக்குக் கேட்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய். இரவில் அந்த லைன்களில் நடந்தால் எந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று வெளியிலிருந்தே சொல்லலாம். மூச்சின் அருமை எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மொழியில் எடுத்த படத்துக்கு இன்னொரு மொழியில் குரல் போட்டு வெளியிடும் வேலை நம் நாட்டில் எங்கே தொடங்கியது தெரியுமா? கன்னடத்துக்கும் தமிழுக்கும் நடுவில்தான். ஏவி.மெய்யப்பன் கன்னடத்தில் 1943-ல் வெளியிட்ட அரிச்சந்திரன் கதையை, 1944-ல் தமிழ்க் குரல் போட்டு 'ஹரிச்சந்திரா' என்று வெளியிட்டார். இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதல் படம் என்று திரையுலக வரலாறு எழுதுவோர் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அப்படித் தொடங்கிய தொழில் தெலுங்கு, தமிழ், மலையாளம் மூன்றிலும் பெரிதாக வளர்ந்தது. தெலுங்கில் சிவாஜி கணேசனுக்குக் குரல் கொடுத்தவர் கொங்கர ஜக்கையா. அவரே பெரிய நடிகர்; 1967-ல் ஓங்கோலிலிருந்து மக்களவைக்கும் போனவர். கமல்ஹாசனுக்குத் தெலுங்கில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பேசினார். 'தசாவதாரம்' படத்தின் பத்து வேடங்களில் ஏழுக்கு, பாட்டி வேடம் உட்பட, அவர்தான் தெலுங்குக் குரல். ரஜினிகாந்துக்குத் தெலுங்கில் பாடகர் மனோ பேசுகிறார்.

ஆனால் கர்நாடகத்தில் மட்டும் கதை வேறு. 1960-களில் கன்னடத் திரையுலகம் சிறியது. ஸ்டுடியோவும் தொழில்நுட்பமும் சென்னையில். தமிழ், தெலுங்கு, இந்திப் படங்கள் கன்னடக் குரலோடு வந்து கொட்டினால் தங்கள் படங்களுக்குத் தியேட்டரே கிடைக்காது என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. போராட்டம் நடந்தது. அதன்பின், சட்டம் எதுவும் இல்லாமலே, கன்னடத்தில் டப்பிங் படம் வெளியிடுவதில்லை என்ற கட்டுப்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது. 2015 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் இந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபைக்கு எதிராக உத்தரவிட்டது. 2017 மார்ச்சில் அஜித் நடித்த 'என்னை அறிந்தால்' படம் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' என்ற பெயரில் கன்னடம் பேசிக்கொண்டு வந்தது. 2020 ஊரடங்கு நாட்களில் படப்பிடிப்பு நின்றுபோனபோது கன்னடத் தொலைக்காட்சிகளிலும் மொழிமாற்றுத் தொடர்கள் இடம்பிடித்துக்கொண்டன.

இதன் விளைவு நம் வீடுகளுக்குள் என்னவென்றால், கே.ஜி.எஃப். பிள்ளைகளுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் நாக்கில் புரண்டும், அதை வைத்துப் பிழைக்கும் தொழில் ஒன்று 2017 வரை பெங்களூரில் கன்னடத்துக்காகத் திறக்கவில்லை. விருப்பம் இருந்தவர்கள் கோடம்பாக்கம் போக வேண்டியிருந்தது. கோடம்பாக்கம் போனால், 'வந்துக்கினு போய்க்கினு' என்ற நம் வட ஆர்க்காட்டுப் பேச்சை முதலில் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள்.

என் தங்கை மகள் இந்தத் தொழிலில் இருக்கிறாள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டபோது அவளுக்குப் பேச்சு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலரையும் போல, சாம்பியன் நிலையத்தில் விடியற்காலை வண்டி பிடித்து பெங்களூருக்குப் போய் வந்து படித்தாள். கல்லூரி நாடகத்தில் அவள் குரலைக் கேட்ட ஒருவர் மூலம் ஸ்டுடியோ வாசலைப் பார்த்தாள். முதல் எட்டு மாதம் 'கூட்டக் குரல்' மட்டுமே. சந்தை இரைச்சல், சாவு வீட்டு அழுகை, ஊர்வலக் கோஷம் இவற்றுக்கு ஐந்தாறு பேரைச் சேர்த்து நிறுத்திப் பேசச் சொல்வார்கள். ஒருவர் சொல்வது தனியாகக் காதில் விழக் கூடாது. ஆனால் எல்லாரும் ஏதாவது அர்த்தத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவள் சந்தைக் காட்சியில் நிஜமாகவே எங்கள் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுவது போலப் பேசினாளாம். டப்பிங் பொறுப்பாளர் சிரித்துவிட்டு அடுத்த வாரம் நான்கு வரி வசனம் கொடுத்தாராம்.

நான் இன்ஜினீயரிங் டிப்ளமோ படித்து ரயில்வேயில் காலம் தள்ளியவன். எந்த வேலையானாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவளைக் கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பழைய பிலிம் காலத்தில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. வசனக் காட்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிடுவார்கள். இதற்கு 'லூப்' என்று பெயர். பதினைந்து வினாடி வசனம் என்றால் இருபத்திரண்டரை அடி வளையம். அது திரும்பத் திரும்பத் திரையில் வரும். கலைஞர் உதட்டசைவை மனப்பாடம் செய்துகொண்டு, சரியான சுற்றில் பேச வேண்டும். மேடையில் ஒரே மூச்சில் ஓடும் நாடகம் இங்கே இருபது அடித் துண்டுகளாகிவிடும். காலையில் கடைசிக் காட்சியின் அழுகையும், மத்தியானம் முதல் காட்சியின் சிரிப்பும் வரும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். காட்சியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஒரு சொல்லை மட்டும் மாற்றலாம். பக்கத்தில் நிற்கும் ஜோடிக் கலைஞர்கூட இல்லை. கதாநாயகன் போன வாரம் பேசிவிட்டுப் போயிருப்பார், இவள் அவர் குரலுக்குக் காதில் மாட்டிய ஹெட்போன் வழியாகப் பதில் சொல்வாள்.

படம் ஓடுவதற்கும் குரலுக்கும் மூன்று நான்கு பிரேம் பிசகினால் சாதாரணப் பார்வையாளரே முகம் சுளிப்பார். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒலி காற்றில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். ஒரு பிரேம் நேரத்தில் 14 மீட்டர். எனவே முப்பது மீட்டர் நீளத் தியேட்டரில் கடைசி வரிசைக்காரருக்கு ஒலி இரண்டு பிரேம் தாமதமாகத்தான் வருகிறது. அவர் ஏற்கெனவே இரண்டு பிரேம் கடன்பட்டவர். டப்பிங்கில் இன்னும் இரண்டு பிசகினால் அவருக்குத்தான் நஷ்டம்.

அதைவிடச் சுவையானது உதடு. ப, ம இரண்டும் உதடுகளை முழுக்க ஒட்டினால்தான் வரும். திரையில் உதடு ஒட்டினால் குரலிலும் ஒட்ட வேண்டும். இங்கேதான் கன்னடமும் தமிழும் செய்யும் குறும்பைப் பார்க்க வேண்டும். நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. நாம் உதட்டை ஒட்டும் இடத்தில் அவர்கள் வாயைத் திறக்கிறார்கள். அதற்கு ஈடு செய்வது போல, நாம் வா என்று சொல்லும்போது அவர்கள் உதட்டை ஒட்டி 'பா' என்கிறார்கள். வாய் 'பாயி', வாழை 'பாளெ', வில் 'பில்லு', வேண்டும் என்பது 'பேக்கு'. (எல்லாவற்றையும் 'பாட்டி'யின் ப போலன்றி 'பஸ்'ஸின் ப போல அழுத்தி உச்சரிக்கவும்.) ஒன்றாய்ப் பிறந்த இரண்டு மொழிகள் உதட்டை மட்டும் நேர்மாறாக வைத்துக்கொண்டன! ஆகவே கன்னட வில்லன் முகத்தை அருகில் காட்டி 'பா இல்லி' என்று உறுமினால், 'வா இங்கே' என்று நேராகத் தமிழில் போட்டால் பொருந்தாது. "பக்கம் வா"ன்னு மாத்திக்குவோம் மாமா, உதடு ஒட்டுற எடத்துல ஒட்டிடும்" என்றாள். ரயில் தண்டவாளத்தில் அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சேரும் இடத்தில் நாங்கள் பட்ட பாட்டைவிட இது நுணுக்கமான வேலையாகத் தோன்றியது.

இதை எழுதுபவர் வசனகர்த்தா. ஆனால் கடைசி நிமிடத்தில் மைக் முன் நின்று சரிசெய்பவர் குரல் கலைஞர்தான். அதனால் இரண்டு மொழியும் தெரிந்த கலைஞருக்கு மதிப்பு அதிகம்.

மைக்கின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் வாங்கும் மைக்குக்கு மிக நெருங்கினால் அடித்தொனி கூடிக் குரல் கனக்கும். காதல் ரகசியத்துக்கு அது நல்லது. தூரத்தில் நின்று கூப்பிடும் காட்சிக்கு ஆகாது. பகரம் வரும்போது காற்று 'பொத்' என்று மோதும். அதற்காக நடுவில் மெல்லிய துணி வளையம் வைப்பார்கள். கையில் வளையல் கூடாது, சரசரக்கும் பட்டு கூடாது. சாப்பிடாமல் போனால் வயிற்றுச் சத்தம் பதிவாகிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு ஏறாது. என் தங்கை இதற்காகவே மகளுக்கு இட்லி இரண்டு, அதற்கு மேல் இல்லை என்று கணக்கு வைத்திருக்கிறாள்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது வசனம் இல்லாத இடங்கள். ஓடி வந்து நிற்பவள் மூச்சு, அடிபடும் முனகல், தண்ணீர் குடிக்கும் மடக்கு, அழுகையை அடக்கும் விக்கல். இவற்றுக்கு எழுத்தே கிடையாது. நடிகையின் தோள் எப்போது ஏறி இறங்குகிறது என்று பார்த்து மூச்சு விட வேண்டும். ஒரு நோயாளிப் பாத்திரத்துக்கு மூச்சு வாங்க வேண்டியிருந்தபோது, அவள் தன் தாத்தாவை நினைத்துக்கொண்டாளாம். என் தகப்பனார்தான் அந்தத் தாத்தா. சாம்பியன் சுரங்கத்தில் முப்பது வருடம் இறங்கியவர். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியமும் இல்லை.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். 'தங்கலான்' படம் 2024 ஆகஸ்ட் 15-ல் வெளியானது. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போன நம் மூதாதையரின் கதை. அதில் நாயகனாக நடித்த விக்ரம் ஒரு காலத்தில் இரவல் குரல் கொடுத்துப் பிழைத்தவர் என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாது. 1990-ல் 'என் காதல் கண்மணி'யில் நாயகனாக வந்தும் படங்கள் ஓடவில்லை. 1999 டிசம்பரில் 'சேது' வெளியாகும்வரை, 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் 'காதல் தேசம்' படத்தில் அப்பாஸுக்கும் பேசியது அவர் குரல். மூன்று முகங்கள், மூன்று விதமான பேச்சு. ஒருவரைப் போல இன்னொருவர் பேசுவதாக யாருக்கும் தோன்றவில்லை. 'பிதாமகன்' படத்தில் ஏறக்குறைய பேசாமலே நடித்துத் தேசிய விருதும் வாங்கினார்! குரலால் பிழைத்தவருக்குக் குரலில்லாத வேடத்தில் விருது. தேசிய விருதுகளில் பின்னணிக் குரலுக்கென்று ஒரு பிரிவும் கிடையாது. தமிழ்நாடு, கேரள அரசுகளாவது தங்கள் மாநில விருதுகளில் இவர்களுக்கு இடம் கொடுத்தன.

விக்ரமுக்கு முகம் வந்துவிட்டது. எல்லாருக்கும் அப்படி வருவதில்லை. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும் 'இருவர்' படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியவர் நடிகை ரோகிணி. அவரை நமக்கு நடிகையாகவாவது தெரியும். சிம்ரன், ஜோதிகா என்றால் நம் காதில் வரும் குரல் பல படங்களில் சவிதாவுடையது. தெருவில் அவர் எதிரில் வந்தால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

இதில் என்னை மிகவும் பாதித்தது மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' கதை. 1993-ல் வந்த அந்தப் படத்தில் நடித்ததற்காக ஷோபனா தேசிய விருது பெற்றார். கங்கா என்ற பெண் நாகவல்லியாக மாறித் தமிழில் ஆவேசமாகப் பேசும் காட்சியை மறக்க முடியாது. அந்தக் குரல் மலையாளத்தின் புகழ்பெற்ற டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியுடையது என்றே ஊர் உலகம் நம்பியது. கங்காவின் மலையாளக் குரல் அவருடையதுதான். ஆனால் நாகவல்லி பேசிய தமிழ், துர்கா என்ற தமிழ்க் கலைஞரின் குரல். 2016-ல் இயக்குநர் பாசில் ஒரு வார இதழில் எழுதியபோதுதான் இது வெளியே தெரிந்தது. 23 ஆண்டுகள்! கேரளத்தில் ஒரு குழந்தைகூட மிமிக்ரி செய்யும் வசனம். பேசியவர் சென்னையில் பேசாமல் இருந்திருக்கிறார். நாம் வெளி மாநிலத்தில் வாழ்பவர்கள். செய்த வேலை நிற்க, செய்தவர் பெயர் கரைந்துபோவது நமக்குப் புதிதல்ல. சாம்பியன் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம் போனது. ஜான் டெய்லர் கம்பெனி பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

எங்கள் ரயில்வேயிலும் இப்படி ஒரு கதை உண்டு. 'யாத்ரீகண் க்ருபயா தியான் தேன்' என்ற இந்தி அறிவிப்பைக் கேட்காமல் வட இந்தியாவில் பயணம் செய்ய முடியாது. அது சரளா சௌத்ரி என்ற அம்மையார் 1980-களில் மத்திய ரயில்வேக்காகப் பேசிய குரல். ஆரம்பத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் நேரில் பேச வேண்டும். பிறகு சொற்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து இயந்திரத்தால் கோர்க்க ஆரம்பித்தார்கள். எண்கள், ஊர்ப் பெயர்கள், 'நடைமேடை', 'தாமதமாக' என்று துண்டு துண்டாக. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் வரும் எண்ணின் தொனி மேலே தொக்கி நிற்கும், கடைசியில் வரும் எண் கீழே இறங்கும். ஒரே பதிவை இரண்டு இடத்திலும் போட்டால், 'ஆறாவது நடைமேடை' என்பதற்குப் பிறகு இன்னும் ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று பயணிகள் காத்து நிற்பார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பேசி வைத்தால்தான் சரியாக வரும். சரளா அம்மையார் அந்த வேலையை விட்டு விலகிய பிறகும் அவர் குரல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அது வியப்பாக இருந்தது. இப்போது அதுவே கவலை. துண்டுகளைக் கோர்ப்பது போய், சில மணி நேரக் குரலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அதுவே கற்றுக்கொண்டு, அந்த மனிதர் பேசாத வாக்கியத்தையும் அவர் குரலில் பேசுகிறது. 2024-ல் 'லால் சலாம்' படத்தில் காலஞ்சென்ற பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் இப்படி மீட்டுப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். அது கண்ணியமான வழி. எல்லாரும் கேட்டுச் செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதே ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி இயந்திரத்தில் நகலெடுப்பதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் இதே பிரச்சினைக்காக 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு நடத்தி, ஒப்புதலும் ஊதியமும் இல்லாமல் குரலை நகலெடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் பெற்றார்கள். அரிஜித் சிங்குக்கு வழக்கறிஞர் உண்டு. அமெரிக்கர்களுக்குச் சங்கம் உண்டு. கூட்டக் குரலில் தொடங்கிய பெண்ணுக்கு யார் உண்டு?

சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்கு ஒரு வெளிநாட்டுத் தொடரைத் தமிழிலும் கன்னடத்திலும் பேசும் வாய்ப்பு வந்தது. முக்கியப் பாத்திரம், பத்துப் பகுதி. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம். "கையெழுத்துப் போடற எடத்துல மட்டும் பென்சில் குறி வெச்சிருக்காங்க மாமா" என்று கொண்டுவந்தாள். ரயில்வேயில் நான் படித்த டெண்டர் பத்திரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. குறி வைத்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் படிப்பது என் பழக்கம். ஏழாவது பிரிவில், இந்தப் பதிவுகளை எந்த மென்பொருளுக்கும் பயிற்சி கொடுக்கவும், எந்த மொழியிலும், கால வரையறையின்றிப் பயன்படுத்தவும் கலைஞர் சம்மதிக்கிறார் என்று இருந்தது. அதற்குத் தனி ஊதியம் ஒரு ரூபாய்கூட இல்லை.

வீட்டில் மூன்று நாள் விவாதம். "வந்த வேலைய விட்டுட்டு அப்புறம் உக்காந்து அழுவியா?" என்றாள் என் தங்கை. அவள் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்கடன் தவணை அந்த வேலையை நம்பி இருந்தது. "இப்ப கையெழுத்துப் போட்டா அடுத்த தொடருக்கு என்னைக் கூப்பிடவே வேணாமே அம்மா, என் குரலே அவங்ககிட்ட இருக்குமே" என்றாள் மகள். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஏழாவது பிரிவை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடும் முறையை மட்டும் காட்டிக்கொடுத்தேன். அதன் கீழே, இந்தத் தொடருக்கு மட்டும், வேறு பயன்பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் எழுத்து மூலம் சம்மதம், தனி ஊதியம் என்று இரண்டு வரி அவளே எழுதினாள்.

பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு, இந்தத் தொடருக்கு மட்டும் ஒத்துக்கொள்வதாக ஒரு வரிக் கடிதம் வந்தது. பத்துப் பகுதியும் பேசி முடித்துவிட்டாள். தமிழ்ப் பிரதியில் குரல் கொடுத்தவர்கள் பட்டியல் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் வருகிறது. அதைத் தாண்டி அடுத்த பகுதிக்குத் தாவும் பொத்தானை அழுத்தாமல் விட்டால் நான்காவதாக அவள் பெயரைப் படிக்கலாம். அதே நிறுவனத்திடமிருந்து அடுத்த தொடருக்கான ஒப்பந்தமும் போன வாரம் வந்தது. இம்முறை எட்டுப் பக்கம். ஏழாவது பிரிவு ஒன்பதாவது பிரிவாகி இருக்கிறது. கையெழுத்துப் போட இன்னும் நான்கு நாள் அவகாசம் இருக்கிறது.